பழைய பெயிண்டைச் சுரண்டுபவருக்குச் சட்டம் எங்கே?

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் படிப்பகத்துக்குப் புதிதாக வர்ணம் பூசினோம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், தமிழ்நாட்டுப் பேருந்தும் கேரளப் பேருந்தும் ஒரே நிறுத்தத்தில் நின்று செல்லும் ஊர் எங்களுடையது. கட்டடம் கட்டி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் பச்சை எனாமல் பெயிண்ட். அதற்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் மஞ்சள் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சுகள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பெயிண்டர்கள் பட்டித் தகட்டாலும் உப்புத்தாளாலும் அவற்றைத் தேய்த்தெடுத்தார்கள். மூக்கில் கட்டிய துண்டைத் தவிர அவர்களுக்கு வேறு பாதுகாப்பு இல்லை. திண்ணையெங்கும் தூள் படிந்தது. மாலையில் பாடம் படிக்க வரும் பிள்ளைகள் அதே திண்ணையில்தான் உட்கார்ந்தார்கள். ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த தேநீரை எடுத்து, கை கழுவாமலே பெயிண்டர்கள் குடித்தார்கள். நாங்கள் கணக்குப் பார்த்தோம், கூலி கொடுத்தோம், திறப்பு விழா நடத்தினோம். எவருக்கும் எதுவும் தோன்றவில்லை.

சில வாரங்கள் கழித்து, காரீயம் கலந்த பெயிண்ட் பற்றிய ஒரு குறிப்பு மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வந்தது. அதைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் திண்ணை நினைவுக்கு வந்தது. மூத்த பெயிண்டரைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். உலர்ந்த நிலையில் தேய்ப்பது ஆபத்து, நனைத்துத்தான் சுரண்ட வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காஞ்சத சொரண்டுனா ரெண்டு நாள் வேலை தோழர். நனைச்சு நனைச்சு சொரண்டுனா நாலு நாளாகும். மிச்ச ரெண்டு நாள் கூலிய யாரு குடுப்பாங்க?" என்று கேட்டார். இந்தக் கட்டுரை அவருடைய கேள்விக்குப் பதில் தேடும் முயற்சி.

டப்பாவோடு நின்றுவிட்ட சட்டம்

இந்தியாவில் வீட்டு உபயோகத்துக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுகளில் காரீயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016 நவம்பர் 1 அன்று, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டன. ஓராண்டு கழித்து, 2017 நவம்பர் 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. பத்து லட்சம் பங்கு பெயிண்டில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது என்பது வரையறை. நல்ல விதிதான். ஆனால் விதி வந்த பிறகும் சிறு நிறுவனங்களின் பெயிண்டுகள் பலவற்றில் இந்த வரையறையைப் பன்மடங்கு மீறிய அளவில் காரீயம் இருப்பதை டாக்ஸிக்ஸ் லிங்க் போன்ற அமைப்புகளின் சோதனைகள் காட்டியுள்ளன. தொழில்துறைப் பெயிண்டுகளோ இந்த விதிக்குள் வரவே இல்லை. இரும்பு துருப்பிடிக்காமலிருக்கச் செங்காரீயம் பூசுவது உலகெங்கும் நெடுங்காலம் இருந்த வழக்கம். பழைய இரும்புப் பாலங்களிலும் குழாய்களிலும் மதகுகளிலும் ஏறி நின்று தேய்ப்பவர்கள் முன்னும் இந்த ஆபத்து நிற்கிறது.

விதியின் பெரிய ஓட்டை இன்னொன்று. அது பார்ப்பது டப்பாவுக்குள் இருக்கும் பெயிண்டை மட்டுமே. 2017க்கு முன்னர் பூசப்பட்டு, இன்றும் நம் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் மருத்துவமனைகளிலும் தோட்ட லயங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயிண்டைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அதை யார் அகற்றலாம், எந்த முறையில் அகற்ற வேண்டும், அகற்றும் முன் யார் சோதிக்க வேண்டும், முடிந்த பின் இடம் தூய்மையாகிவிட்டது என்று யார் சான்று தர வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் தனிச் சட்டமோ உரிமமோ பயிற்சியோ இல்லை. பழுதடையாத பூச்சு சுவரில் இருக்கும்வரை பெரிய தீங்கு செய்வதில்லை. உரியத் தொடங்கும்போதும் உலர்ந்த நிலையில் தேய்க்கப்படும்போதும்தான் அது கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் போகிறது. ஆபத்து மிகுந்த அந்தத் தருணத்தைத்தான் சட்டம் கைவிட்டிருக்கிறது.

அந்தத் தருணத்தில் அங்கே நிற்பவர் யார்? மீனாட்சிபுரத்தையும் கோபாலபுரத்தையும் கடந்து சித்தூர் வட்டத்துக்கு வேலைக்கு வரும் பெயிண்டர். போடிமெட்டு ஏறி மூணாறுக்கும் தேவிகுளத்துக்கும் போகிறவர். கம்பத்திலிருந்து குமுளிக்கும் வண்டிப்பெரியாறுக்கும் போகிறவர். அவர்களோடு வங்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த விருந்தினர் தொழிலாளிகள். இவர்களில் பெரும்பாலோர் மேஸ்திரியின் கீழ் நாட்கூலிக்கு வேலை செய்கிறவர்கள்.

ஒரு சொல் செய்யும் குழப்பம்

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழில் வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்யப்படுவதும் வெள்ளீயத்தால். பெயிண்டிலும் பேட்டரியிலும் இருக்கும் நஞ்சு காரீயம். பேச்சு வழக்கில் இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்கிறோம். மலையாளத்தில் 'ஈயம்' என்றால் பொதுவாகக் காரீயம்தான். ஆகவே மலையாளச் சுற்றறிக்கையில் வரும் 'ஈயம்' அப்படியே தமிழுக்கு வந்தால், "ஈயம் பூசிய பாத்திரத்தில்தானே காலங்காலமாகச் சமைக்கிறோம், அதில் என்ன கெடுதல்?" என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம். வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்து விற்கும் மோசடியும் சந்தையில் உண்டு என்பதால் இந்தக் குழப்பம் இரட்டிப்பு ஆபத்தாகிறது. நானே ஒரு முறை, பெயிண்டுக்குப் பயன்பட்ட காரீய வெள்ளை என்னும் நிறமியை அவசரத்தில் 'வெள்ளீயம்' என்று எழுதி, அச்சுக்குப் போகும் முன் திருத்தினேன். தொழிலாளியின் உயிரைத் தொடும் செய்தியில் சொல் பிழைத்தால் செய்தியே பிழைத்துப்போகும். மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் இத்தகைய எச்சரிக்கைகள் சரியான தமிழில் வர வேண்டும் என்று நாம் கேட்பது அலங்காரத்துக்காக அல்ல.

நூறாண்டுகளுக்கு முன்பே தெரிந்தது

காரீயம் தொழிலாளியைக் கொல்லும் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றி 1845இல் வெளியிட்ட நூலில், மட்பாண்டத் தொழிற்சாலைகளில் காரீயம் கலந்த மெருகுக் கரைசலில் பாண்டங்களை முக்கியெடுக்கும் தொழிலாளர்களுக்கு வரும் வயிற்றுநோயையும் வாதத்தையும் எங்கெல்ஸ் பதிவு செய்திருக்கிறார். 1904இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், தம்மிடம் வந்த குழந்தைகளின் காரீய நஞ்சுக்குக் காரணம் வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளிலும் சுவர்களிலும் இருந்த பெயிண்ட்தான் என்று எழுதினார். குழந்தைகள் கையால் தொட்டு, அந்தக் கையை வாயில் வைத்தார்கள். 1922இல் குவீன்ஸ்லாந்து மாகாணம் குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் காரீயப் பெயிண்டுக்குத் தடை விதித்தது.

நமக்கு இன்னும் முக்கியமானது 1921ஆம் ஆண்டு. ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாநாடு, பெயிண்டில் காரீய வெள்ளையின் பயன்பாடு குறித்து 13ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. கட்டடங்களின் உட்புறப் பூச்சுக்கு, சில விலக்குகளுடன், அதைத் தடை செய்தது. அது அனுமதிக்கப்பட்ட வேலைகளில், உலர்ந்த நிலையில் தேய்ப்பதாலும் சுரண்டுவதாலும் எழும் தூளிலிருந்து தொழிலாளியைக் காக்க நடவடிக்கை வேண்டும் என்றது. வேலையின் போதும் முடிவிலும் கை கழுவ வசதி, வேலைக்குத் தனி உடை ஆகியவற்றையும் அதே உடன்படிக்கை கோரியது. எங்கள் படிப்பகத் திண்ணையில் இல்லாதவை அனைத்தும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சர்வதேச உடன்படிக்கையில் எழுதப்பட்டிருந்தன. இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

மறுபுறம், நம் சட்டப் புத்தகங்களில் காரீயம் இல்லாமலும் இல்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொடக்கத்திலேயே காரீய நஞ்சைத் தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மருத்துவர் அரசுக்கு அறிவித்தே தீர வேண்டிய நோய்களின் பட்டியலில் அதை முதலிடத்தில் வைத்தது. ஆனால் பெயிண்டர் தொழிற்சாலையில் வேலை செய்வதில்லை. இந்த வாரம் ஒரு வீடு, அடுத்த வாரம் ஒரு பள்ளி, அதற்கடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபம். எந்த முதலாளியிடம் வேலை செய்தபோது நோய் வந்தது என்று அவர் எப்படி நிறுவுவார்? வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, கை மணிக்கட்டுத் தளர்ச்சி என்று அவர் மருத்துவமனைக்குப் போனால், இரத்தத்தில் காரீய அளவைப் பார்ப்பது நம் ஆரம்ப சுகாதார நிலையங்களின் வழக்கமான சோதனைகளில் இல்லை. சோதனை இல்லாததால் நோய் பதிவாவதில்லை. பதிவாகாத நோய்க்கு இழப்பீடும் இல்லை.

குழந்தைகளின் நிலை இதைவிடக் கொடியது. காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வளரும் மூளையை அது பாதிக்கிறது, பாதிப்பு மீள்வதில்லை. யூனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, இரத்தத்தில் கவலைக்குரிய அளவில் காரீயம் உள்ள குழந்தைகள் உலகில் சுமார் 80 கோடி. அவர்களில் இந்தியக் குழந்தைகள் 27 கோடிக்கும் மேல். இதற்கெல்லாம் பெயிண்ட் மட்டும் காரணம் அல்ல. முறையற்ற பேட்டரி உருக்கலும் கலப்பட மசாலாப் பொருட்களும் உண்டு. ஆயினும் நம் கையால் தடுக்கக்கூடிய காரணங்களில் பெயிண்ட் ஒன்று.

அமெரிக்காவின் சான்றிதழ் முறை

அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் காரீயத்தை 1978இல் தடை செய்தது. சுவரில் ஏற்கெனவே இருப்பதைப் பற்றிய சட்டம் 1992இல் வந்தது. அது ஆட்சியாளர்களின் கருணையால் வந்தது அன்று. 1969-70இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் 'யங் லார்ட்ஸ்' இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று குழந்தைகளுக்குக் காரீயச் சோதனை நடத்தியதும் அந்த வரலாற்றில் அடங்கும். பின்னர் 2010 ஏப்ரல் 22 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, 1978க்கு முந்தைய வீடுகளிலும் சிறு குழந்தைகள் புழங்கும் கட்டடங்களிலும் கூலிக்குப் பழுதுபார்ப்பு, பெயிண்ட் வேலை செய்யும் நிறுவனம் அரசுச் சான்றிதழ் பெற வேண்டும். எட்டு மணி நேரப் பயிற்சி பெற்ற ஒருவராவது அந்த வேலைக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். திறந்த தீயால் பெயிண்டைக் கருக்கி எடுக்கக்கூடாது. தூளை உறிஞ்சும் வடிகட்டி இல்லாத இயந்திரத்தால் தேய்க்கக்கூடாது. காரீயத்தை நிரந்தரமாக அகற்றும் பணிக்கும், சோதனை செய்யும் ஆய்வாளருக்கும் தனித்தனிச் சான்றிதழ்கள். குறிப்பிட்ட ஆண்டுக்கு முந்தைய வீடு என்றால், சோதித்து 'இல்லை' என்று தெரியும்வரை காரீயம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது இந்த முறையின் அடிப்படை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. அப்படியே பெயர்த்து நடக்கூடாதவையும் உண்டு. கட்டணம் கட்டிப் பயிற்சி, கட்டணம் கட்டிச் சான்றிதழ், சில ஆண்டுக்கொரு முறை கட்டணம் கட்டிப் புதுப்பித்தல் என்ற ஏற்பாடு இங்கே வந்தால் நடக்கப்போவது தெளிவு. கோட்டயத்திலோ கொச்சியிலோ அலுவலகம் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவார். பயிற்சியின் வாசனையே அறியாத நாட்கூலி பெயிண்டர் அவருக்காக முன்போலவே சுரண்டுவார். சொந்தமாக ஓரிரு வீடு பிடித்துச் செய்யும் சிறு மேஸ்திரி சட்டவிரோதி ஆகிவிடுவார்.

அமெரிக்காவிலும் தொழிலாளியைக் காப்பது சான்றிதழ் மட்டும் அல்ல. தொழிற்சங்கங்களின் நெடிய போராட்டத்தின் பின் தொழிற்சாலைகளுக்கு 1978இலும் கட்டுமானத் தொழிலுக்கு 1993இலும் வந்த காரீயப் பாதுகாப்பு விதிகள் இன்னொரு உரிமையைத் தந்தன. முதலாளி தம் செலவில் தொழிலாளியின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். காரீய அளவு வரம்பைத் தாண்டினால் அந்த வேலையிலிருந்து விலக்கி, 18 மாதம் வரை அவருடைய வருமானத்தைக் காக்க வேண்டும். எங்கள் பெயிண்டரின் கேள்விக்கு ஓரளவு பதில் இங்கே கிடைக்கிறது. பாதுகாப்பின் விலையைத் தொழிலாளி தன் கூலியிலிருந்து கொடுக்கக்கூடாது.

விற்பனைக்கு வரும் ஆய்வு

இப்போது நம் நாட்டில் நடப்பதைப் பார்ப்போம். 13 சட்டங்களை விழுங்கிய 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தை ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலைச் சட்டம், தோட்டத் தொழிலாளர் சட்டம், 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் மூன்றும் அதற்குள் கரைந்துவிட்டன. அதில் ஆய்வாளர் என்ற பதவி 'ஆய்வாளரும் வசதி செய்பவரும்' என்று மாறியிருக்கிறது. குறிப்பிட்ட வகை நிறுவனங்களில் மூன்றாம் தரப்பார் தணிக்கை செய்து சான்றளிக்கவும் அதில் இடம் வைத்திருக்கிறார்கள். 'தொழில் தொடங்க எளிமை' என்ற முழக்கத்தின் உள்ளடக்கம் இதுதான்: அரசு ஆய்விலிருந்து விலகும், ஆய்வு சந்தைச் சரக்காகும். சோதிக்கப்படுகிறவரே சோதிப்பவருக்குப் பணம் கொடுத்தால் சான்றிதழில் என்ன எழுதப்படும் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

ஆகவே காரீயப் பெயிண்டை அகற்றவும் சோதிக்கவும் சான்றிதழ் முறை வேண்டும் என்று நாம் கேட்கும்போது, எத்தகைய முறை என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நம் கோரிக்கைகள்

முதலாவதாக, 2017 நவம்பருக்கு முன் பூசப்பட்ட எனாமல் பெயிண்ட் அனைத்திலும் காரீயம் இருப்பதாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு கட்டட உரிமையாளருடையது. பள்ளி, அங்கன்வாடி, மருத்துவமனை, லயம் ஆகியவை முதல் பட்டியலில் வர வேண்டும்.

இரண்டாவதாக, உரிமம் பெறும் கடமையும் அதன் செலவும் ஒப்பந்தக்காரருக்கும் நிறுவனத்துக்கும் உரியவை. தொழிலாளிக்குப் பயிற்சி இலவசமாக, பயிற்சி நாளுக்குக் கூலியோடு, தமிழ் உள்பட அவரவர் மொழியில் தரப்பட வேண்டும். கேரளத்தில் கட்டுமானத் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1989லேயே வந்தது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல வரியாக வசூலிக்கவும் சட்டம் உண்டு. அந்த நிதி தொழிலாளியுடையது. அவர் உயிரைக் காக்கும் பயிற்சிக்கும் இரத்தச் சோதனைக்கும் அதைக் கேட்பது சலுகை கோருவதாகாது. எல்லை தாண்டி வந்து வேலை செய்பவருக்கும் இந்த உரிமை பொருந்த வேண்டும்.

மூன்றாவதாக, சோதிப்பவரும் அகற்றுபவரும் ஒரே நிறுவனமாக இருக்கக்கூடாது. வேலைக்கு முன்னும் பின்னும் சோதிக்கும் பொறுப்பு பொதுத்துறை ஆய்வகங்களிடமும் தொழிலாளர் துறையிடமும் இருக்க வேண்டும். தொழிற்சங்கப் பிரதிநிதி அந்த ஆய்வின் போது உடனிருக்க உரிமை வேண்டும்.

நான்காவதாக, பொதுப்பணித் துறையும் உள்ளாட்சிகளும் தயாரிக்கும் எஸ்டிமேட்டில் நனைத்துச் சுரண்டுவதற்கான கூடுதல் ஆள்கூலி, தரையில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, முகக்கவசம், கை கழுவும் வசதி ஆகியவை தனி இனமாக எழுதப்பட வேண்டும். 'மிச்ச ரெண்டு நாள் கூலி' எஸ்டிமேட்டில் இல்லாதவரை எந்த விதியும் தூளைத் தடுக்காது.

ஐந்தாவதாக, சுரண்டிய தூளையும் செதில்களையும் எரிக்கவோ, மண்ணில் கொட்டவோ, ஹரித கர்ம சேனைச் சகோதரிகளின் சாக்கில் போடவோ கூடாது. அபாயக் கழிவுகளைக் கையாள எர்ணாகுளம் மாவட்டம் அம்பலமேட்டில் நிலையம் உண்டு. அங்கே கொண்டுசேர்ப்பது ஒப்பந்தக்காரரின் கடமை.

இடுக்கித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண்ணும் பாறையும் லயங்களை மூடி 70 உயிர்களைக் கொண்டுபோன பின், லயங்களைப் புதுப்பிக்கும் கோரிக்கை வலுப்பெற்றது. அந்தப் போராட்டம் தொடர வேண்டும். லயம் பழுதுபார்க்கப்படும்போது, குடும்பம் உள்ளே இருக்கும் நிலையிலேயே கதவையும் ஜன்னலையும் தேய்க்கும் வழக்கத்தை அனுமதிக்கக்கூடாது என்பதையும் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். ஒற்றை அறையில் பெயிண்ட் தூள் படிவது குழந்தையின் பாயிலும் தட்டிலும்தான்.

கடைசியாக, நம்மைப் பற்றி. சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத இடங்கள் நம்மிடமே இருக்கின்றன: கட்சி அலுவலகங்கள், படிப்பகங்கள், சங்கக் கட்டடங்கள், நம் தோழர்கள் பொறுப்பிலுள்ள கூட்டுறவுச் சங்கங்கள், ஊராட்சிகள். எங்கள் கிளைக் கூட்டத்தில் படிப்பக விஷயத்தைச் சுயவிமர்சனமாக முன்வைத்தேன். பின்புற அறையின் கதவுகள் இன்னும் பாக்கி. அவற்றை நனைத்துத்தான் சுரண்ட வேண்டும், வேலை முடியும்வரை பிள்ளைகளுக்கு வகுப்பு வேறிடத்தில் நடக்க வேண்டும், கூடுதல் நாட்களின் கூலியைக் கிளை கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதே பெயிண்டரிடம் போய்ச் சொன்னேன். "நாலு நாள் கூலின்னா நாலு நாள் வேலையா செஞ்சுட்டுப் போறேன் தோழர்" என்றார். அவர் வேலை செய்யும் மற்ற எல்லா இடங்களிலும் இதே பதில் அவருக்குக் கிடைக்கச் செய்வது நம் சங்கங்களின் பணி.